சுருக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அறிவு உண்டா?

ஆடி அமாவாசை எந்த நாளில் வருகிறது என்பதை எங்கள் கிழக்கிலங்கையின் அமிர்தகழியிலோ திருக்கோவிலிலோ யாரும் வானத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தமும் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத் தீர்த்தமும் எந்தத் திகதியில் என்பதைப் பஞ்சாங்கம் மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. சூரியனும் சந்திரனும் இனிமேல் செய்யப்போவதை ஒரு மெல்லிய புத்தகம் எப்படி அறிகிறது? பல நூற்றாண்டுகளாகப் பார்த்துக் குறித்த வான ஓட்டங்களை முன்னோர் சில விதிகளுக்குள் சுருக்கி வைத்தார்கள். சுருக்க முடிந்ததால் முன்கணிக்கவும் முடிந்தது.

செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களில் ஒரு சாரார் இதிலிருந்து மிகப் பெரிய ஒரு கூற்றுக்குப் போகிறார்கள். தரவைச் சுருக்குவதும் அடுத்து வருவதை முன்கணிப்பதும் ஒரே வேலை. அந்த வேலையை மிக நன்றாகச் செய்வதற்குத்தான் அறிவு என்று பெயர். ஆகவே போதிய அளவு நன்றாகச் சுருக்கும் இயந்திரம் ஒன்று கிடைத்துவிட்டால் செயற்கைப் பொது நுண்ணறிவும் கிடைத்துவிடும் என்கிறார்கள். ஒரே ஒரு வேலைக்குப் பழக்கப்பட்ட இயந்திரத்தை அவர்கள் இந்தப் பெயரால் குறிப்பதில்லை. மனிதர் கற்கக்கூடிய எந்த வேலையையும் கற்கக்கூடியதையே குறிக்கிறார்கள். இந்தக் கூற்றின் முதற்பாதி உறுதியான கணிதம். பிற்பாதியில் ஓட்டை இருக்கிறது என்பது என் கருத்து. கணிதப் பின்னணி இல்லாதவர்களும் தொடரும்படி இரண்டையும் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் பிட் என்ற அளவு. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய ஒரு கேள்வியின் விடைதான் ஒரு பிட். தமிழில் 247 எழுத்துகள். அவற்றில் ஒன்றை நான் மனத்தில் நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கேள்வியாலும் மீதமுள்ளவற்றைப் பாதியாக வெட்டிக்கொண்டு போனால் எட்டுக் கேள்விகளில் நீங்கள் அதைப் பிடித்துவிடலாம். எதுவும் தெரியாத நிலையில் ஒரு தமிழ் எழுத்தின் விலை ஏறத்தாழ 8 பிட்.

ஆனால் எதுவும் தெரியாத நிலையில் நாம் ஒருபோதும் வாசிப்பதில்லை. 'மட்டக்களப்' என்று எழுதி நிறுத்திவிட்டு, அடுத்த எழுத்து என்னவென்று வாழைச்சேனையிலோ கல்முனையிலோ ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். 'பு' என்று உடனே பதில் வரும். ஊரின் பெயரையே கேட்டிராத ஒருவர்கூட, இலக்கணம் படித்திருந்தால், வெறுங்கையுடன் நிற்கமாட்டார். க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தமிழ்ச் சொல்லுக்குள் தம்மோடு தாமே மட்டும் மயங்கும், அதாவது அடுத்தடுத்து வரும் என்பது மெய்ம்மயக்க விதி. ஆகவே ப் வந்தபின் 247 எழுத்துகளும் போட்டியில் இல்லை. ப முதல் பௌ வரையான 12 மட்டுமே மிஞ்சுகின்றன. 8 பிட்டாக இருந்த விலை இந்த ஒற்றை விதியால் 4 பிட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. இலக்கண வகுப்பில் மனனம் செய்த ஒரு விதியின் பெறுமதியை இப்படி எண்ணாலேயே சொல்ல முடிவது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இந்த அளவைக்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன். 1948 இல் அவர் தகவலுக்கான கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். 1951 இல், நான் மேலே சொன்னது போன்ற எழுத்தை ஊகிக்கும் விளையாட்டையே ஆங்கிலத்தில் மனிதர்களை வைத்து நடத்தினார். 26 எழுத்தும் ஓர் இடைவெளியும் என்றால் ஒவ்வொன்றுக்கும் 4.75 பிட் வேண்டும். முன்னால் உள்ள நூறு எழுத்துகளைப் பார்த்துவிட்டு ஊகித்தவர்களுக்கோ ஓர் எழுத்துக்கு 0.6 முதல் 1.3 பிட் வரைதான் தேவைப்பட்டது என்று அவர் மதிப்பிட்டார். மீதமெல்லாம் வாசகரின் தலைக்குள் ஏற்கெனவே இருந்தது.

ஊகத்தைச் சுருக்கமாக மாற்றும் கணக்கு எளிமையானது. ஒரு நிகழ்வுக்கு நீங்கள் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புக் கொடுத்திருந்து அது நடந்துவிட்டால், அதைக் குறித்துவைக்க 1 பிட் செலவாகும். எட்டில் ஒரு பங்கு கொடுத்திருந்தால் 3 பிட், 1024 இல் ஒரு பங்கு என்றால் 10 பிட். எதிர்பார்த்தது மலிவு, எதிர்பாராதது விலை கூடியது. ஒரு மாதத்தின் மழைப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது மழை பெய்வதும் பெய்யாததும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்தால், 31 நாளுக்கும் 31 பிட் வேண்டும். எதையும் மிச்சப்படுத்த முடியாது. எங்கள் வறண்ட ஜூலையில் 16 நாளுக்கு ஒரு நாள்தான் மழை என்று கொள்வோம். (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.) அப்போது சராசரியாக ஒரு நாளுக்கு மூன்றில் ஒரு பிட்டே போதும், மாதம் முழுவதும் 11 பிட்டுக்குள் அடங்கிவிடும். நல்ல முன்கணிப்பாளர் யாரோ அவரே நல்ல சுருக்குநர். நல்ல சுருக்கு நிரல் ஒன்று இருந்தால் அதை முன்கணிப்பாளராகவும் மாற்றலாம்: கோப்பின் முடிவில் ஒவ்வோர் எழுத்தாக ஒட்டிப் பார்த்து, எதைச் சேர்த்தபோது சுருங்கிய கோப்பு மிகக் குறைவாக வளர்கிறதோ அதுதான் அடுத்து வரக்கூடியது என்று சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே நாணயம் என்பது உவமையாகச் சொல்லப்படுவதன்று, நிறுவப்பட்ட உண்மை.

கணினியில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஜிப் கோப்பு இதில் மிக எளிய படி. ஆபிரகாம் லெம்பெலும் ஜேக்கப் ஸிவ்வும் 1977 இல் வெளியிட்ட முறையே அதன் அடிப்படை: முன்பு வந்த தொடர் மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், 'இத்தனை எழுத்துக்கு முன்னால் பார்' என்று குறித்துவிடுவது. 'மட்டக்களப்பு' என்ற சொல் எட்டு எழுத்துதான்; ஆனால் யூனிகோடின் வழக்கமான குறியீட்டு முறையில் அது 36 பைட், அதாவது 288 பிட் இடம் பிடிக்கும். ஒரு செய்தியில் அந்தச் சொல் பத்து முறை வந்தால் ஜிப்புக்குக் கொண்டாட்டம். ஆனால் மட்டக்களப்பு என்பது வாவிக்கரை ஊர் என்பதோ, கல்லடிப் பாலம் அங்கேதான் இருக்கிறது என்பதோ அதற்குத் தெரியாது. அதை அறிந்த ஒரு நிரல் இன்னும் நன்றாகச் சுருக்கும். சுருக்கத்தில் மேலே ஏற ஏற உலகத்தைப் பற்றிய அறிவு தேவைப்படத் தொடங்குகிறது என்பதே இந்தக் கூற்றை முன்வைப்பவர்களின் வலுவான வாதம்.

இப்போது பஞ்சாங்கத்தைச் சற்று உள்ளே திறந்து பார்ப்போம். சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மறுபடி அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் எடுக்கிறது. ஒன்பது சுற்றுக்கு 248 நாள். தென்னிந்திய வானியலாளர்கள் இதைக் கண்டுகொண்டு, அந்த 248 நாளுக்குமான சந்திரனின் நிலைகளை 248 சிறு வாக்கியங்களாக ஆக்கினார்கள். எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுத்து, எண்களையே மனனம் செய்யக்கூடிய சொற்றொடர்களாக்கிய முறை அது. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 249 ஆம் நாள் சிறு திருத்தத்தோடு மறுபடி முதல் வாக்கியத்துக்குப் போகலாம். முடிவில்லாத வான ஓட்டம் 248 வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

இதைவிடவும் சுருக்க முடியுமா? முடியும். நியூட்டனின் ஈர்ப்பு விதி ஒரே வரி. அதிலிருந்து சந்திரனின் நிலையும் வரும், கடலின் வற்றுப் பெருக்கும் வரும், அதுவரை யாரும் அறிந்திராத நெப்டியூன் 1846 இல் வானில் எங்கே கிடைக்கும் என்ற கணிப்பும் வரும். விளக்கம் குறுகியபோது அதன் கை நீண்டது. ரே சாலமனாஃப் 1964 இலும், ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரே கொல்மகோரோவ் 1965 இலும், இளைஞராக இருந்த கிரிகோரி சைட்டின் சற்றுப் பின்னரும், ஒருவரை ஒருவர் சாராமல் இந்த உள்ளுணர்வுக்குத் துல்லியமான வடிவம் கொடுத்தார்கள். ஒரு தரவின் உண்மையான சிக்கல் என்பது, அதை அச்சொட்டாக உருவாக்கக்கூடிய மிகக் குறுகிய கணினி நிரலின் நீளம். சாலமனாஃப் அதிலிருந்து முன்கணிப்புக்கும் போனார்: இதுவரை பார்த்ததை உருவாக்கக்கூடிய எல்லா நிரல்களையும் எடு, நிரல் ஒரு பிட் நீளும்போதெல்லாம் அதன் வாக்கின் எடையைப் பாதியாக்கு, எடைக்கேற்ப அவை அடுத்து எதைச் சொல்கின்றன என்று பார். கோட்பாட்டளவில் இதைவிடச் சிறந்த பொது முன்கணிப்பாளர் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மிகக் குறுகிய நிரலைக் கண்டுபிடித்துத் தரும் பொதுவழி எந்தக் கணினிக்கும் இல்லை என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. நெருங்கலாம், எட்ட முடியாது.

இன்றைய மொழி மாதிரிகள் அப்படி நெருங்கும் முயற்சிகள்தாம். சாட்ஜிபிடி போன்றவற்றின் அடித்தளப் பயிற்சி முழுவதும் அடுத்த சொற்துண்டை ஊகிப்பதே. பயிற்சியில் குறைக்கப்படும் பிழை, மேலே நாம் கணக்கிட்ட அதே பிட் செலவு. 2023 இல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவன ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். பெரும்பாலும் எழுத்துத் தரவில் பயின்ற சின்சில்லா என்ற 7,000 கோடி அளபுருக்கள் (பயிற்சியில் திருத்தப்படும் உள்ளெண்கள்) கொண்ட மாதிரியை எடுத்து, படங்களையும் பேச்சொலியையும் சுருக்கச் சொன்னார்கள். படத்துண்டுகளை அது மூல அளவின் 43.4 சதவீதத்துக்குச் சுருக்கியது. படங்களுக்கென்றே செய்யப்பட்ட பிஎன்ஜி முறைக்கு 58.5 சதவீதம் தேவைப்பட்டது. பேச்சொலியில் 16.4 சதவீதம், ஒலிக்கென்றே உருவான ஃபிளாக்குக்கு 30.3. எழுத்தைப் படித்த மாதிரி, தான் பயிலாத ஒலியையும் படத்தையும் இவ்வளவு சுருக்கியது அசாதாரணமான விளைவு. ஆனால் ஒரு கணக்கை விட்டுவிடக் கூடாது. சுருங்கியதை மறுபடி விரிக்க அந்த மாதிரியும் தேவை. அதன் அளவையும் கூட்டினால் சேமிப்பு மறைந்துவிடும். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் மார்க்கஸ் ஹட்டர் 2006 இல் தொடங்கிய பரிசுப் போட்டி இந்த இடத்தில் கறாரானது. விக்கிப்பீடியாவின் 100 மெகாபைட் பகுதியைச் சுருக்க வேண்டும், விரிக்கும் நிரலின் அளவும் சேர்த்தே கணக்கிடப்படும். 2020 இல் அது ஒரு கிகாபைட்டாகவும் பரிசு 5 இலட்சம் யூரோவாகவும் விரிவாக்கப்பட்டது. சுருக்கமே அறிவு என்று நம்புகிறவர் தன் நம்பிக்கைக்குப் பணத்தையும் வைத்தார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

சுருக்கும் நெருக்கடி உண்மையாகவே விதிகளைப் பிறப்பிக்கிறது என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 10 மணிக்குப் பின் 5 மணி நேரம் சென்றால் 3 மணி என்கிறோமே, அத்தகைய சுற்றிவரும் கூட்டலைச் சிறு நரம்பு வலைகளுக்கு, அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரல்களுக்கு, கற்பித்தார்கள். முதலில் வலை விடைகளை மனனம் செய்தது. பார்த்த கணக்குக்குச் சரியாகவும் பாராத கணக்குக்குத் தவறாகவும் சொன்னது. பயிற்சியை விடாமல் மிக நீண்ட நேரம் தொடர்ந்தபோது, திடீரென்று பாராத கணக்குகளுக்கும் சரியான விடை வரத் தொடங்கியது. 2022 இல் இது அறிவிக்கப்பட்டது. பின்னர் வலையின் உள்ளே பார்த்தவர்கள், அது எண்களை ஒரு வட்டத்தின்மேல் வைத்துச் சுழற்றிக் கூட்டுவதைக் கண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு விதி, மனனத்தைவிடச் சிக்கனமானது என்பதால் உருவாகியிருந்தது. 'இவை வெறும் கிளிப்பிள்ளைகள்' என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் இந்த ஒரு சோதனைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் மறுபக்கத்திலும் ஒரு சான்று இருக்கிறது, அது தமிழரிடமிருந்தே வருகிறது. 1825 இல் பாண்டிச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், ஜான் வாரன் என்ற அதிகாரிக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் எழுதுகோலும் இல்லை. தரையில் அடுக்கிய சோழிகளும் மனனம் செய்த அட்டவணைகளும் மட்டுமே. வானியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரமானது என்று வாரன் எழுதிவைத்தார். வானியல் வரலாற்று அறிஞர் ஓட்டோ நொய்கபவர் 1952 இல் இதை மறுபடி ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் கணிப்பாளரை ஏளனமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் கதை ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகிறது. ஒன்பது சுற்றும் 248 நாளும் பொருந்துவதைக் கண்டவர் சுருக்கத்தைச் செய்தவர். சோழி வைத்தவர் செய்து முடித்த சுருக்கத்தைச் சுமந்தவர். முன்கணிப்பு இருவரிடமும் உண்டு. கண்டுபிடிக்கும் ஆற்றலுக்கான சான்று முதல்வரிடமே உண்டு. இன்றைய மொழி மாதிரி பயிற்சியின்போது முதல்வரைப் போல இயங்குகிறது. பயிற்சி முடிந்து நம் கைக்கு வரும்போது அதன் உள்ளெண்கள் உறைந்துவிடுகின்றன. அப்போது அது பெரும்பாலும் இரண்டாமவரின் இடத்தில் இருக்கிறது. உறைந்த சுருக்கம் காலப்போக்கில் விலகும். வாக்கியப் பஞ்சாங்கம் சந்திர ஓட்டத்தின் சில சிறு ஏற்ற இறக்கங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் திதி சில வேளைகளில் மணிக்கணக்கில் மாறுபடுகிறது, விரத நாள் எது என்று கோயிலுக்குக் கோயில் வாதமும் எழுகிறது. யாராவது மறுபடி வானத்தைப் பார்த்தால்தான் அது திருந்தும்.

அடுத்த ஓட்டை இதைவிட ஆழமானது. அதைச் சொல்ல 2004 டிசம்பர் 26 க்குப் போகவேண்டியிருக்கிறது. கல்லடி, நாவலடி, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று இந்தக் கரையில் எந்த ஊரைச் சொன்னாலும் அந்தக் காலை நினைவுக்கு வரும். இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இந்தக் கடலின் நீர்மட்டத்தை ஒரு நூற்றாண்டு முழுக்கப் பதிவு செய்து, அதை மிகச் சிறப்பாகச் சுருக்கும் ஒரு நிரலைக் கட்டியிருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வாய்ப்பே கொடுத்திருந்தாலும், தவறியதற்காக அது இழப்பது வெறும் 20 பிட். நூற்றாண்டுப் பதிவின் கோடிக்கணக்கான பிட்களோடு ஒப்பிட்டால் அந்த 20 பிட் தெரியவே தெரியாது. சராசரி மதிப்பெண்ணில் அது உலகின் மிகச் சிறந்த சுருக்குநராகவே இருக்கும். எந்தப் பிழை ஓர் உயிரின் விலை, எந்தப் பிழை ஒன்றுமில்லை என்று பிட் கணக்குக்குத் தெரியாது.

அந்த இயந்திரத்துக்குக் கடல் மட்டம் மட்டுமன்றி நிலநடுக்கப் பதிவும் பசிபிக் கடலின் வரலாறும் சேர்த்துக் கொடுத்திருந்தால், சுமத்திராவின் அதிர்வைக் கண்டதுமே அலையை அது எதிர்பார்த்திருக்கும் என்று சுருக்கக் கொள்கையினர் பதில் சொல்வார்கள். நியாயமான பதில். ஆழ்கடல் நடுங்கினால் அலை வரும் என்ற விதி அன்றும் உலகில் இருந்தது. அதிர்வுக்கும் எங்கள் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரமும் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு ஓர் எச்சரிக்கை அமைப்புத்தான் இருக்கவில்லை. ஆனால் அலை வரும் என்று சொல்லும் எண் ஒன்று கணினிக்குள் இருப்பதும், யாரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பதும் வேறு வேறு வேலைகள்.

இதைச் சுருக்கக் கொள்கையின் தலைமக்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஹட்டர் 2000 ஆம் ஆண்டில் முன்வைத்த ஏஐஎக்ஸ்ஐ என்ற கோட்பாட்டு இயந்திரத்தில் சாலமனாஃப்பின் முன்கணிப்பு ஒரு பாதி மட்டுமே. மறுபாதியில் வெகுமதி ஒன்று வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது; அதைக் கூட்டும் செயலைத் தேர்ந்தெடுப்பது அதன் பணி. அவரும் ஷேன் லெக்கும் 2007 இல் எழுதிய வரையறையிலும் அறிவு என்பது பலவகைச் சூழல்களில் இலக்கை எட்டும் திறன்தான். இலக்கு எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கணிதம் கேட்பதில்லை. கையில் தரப்பட்டதாக எடுத்துக்கொள்கிறது. எனக்குக் கேள்வியே அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவதாக, எவ்வளவு குறைவிலிருந்து கற்கிறோம் என்பது. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் பிரான்சுவா ஷோலே 2019 இல் இதையே அறிவின் அளவுகோலாக முன்வைத்தார்: ஒரு திறமை இருக்கிறதா என்று பார்க்காதே, புதிய திறமை ஒன்றைப் பெற எவ்வளவு அனுபவம் தேவைப்படுகிறது என்று பார். 13 வயதுக்குள் ஒரு பிள்ளையின் காதில் விழும் சொற்கள் 10 கோடிக்கும் குறைவு என்று மொழி கற்றல் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மேலே சொன்ன சின்சில்லா பயின்றது 1.4 இலட்சம் கோடி சொற்துண்டுகளில். ஏறத்தாழ 14,000 மடங்கு. பிள்ளை வெறும் காதோடு மட்டும் கற்பதில்லை, கண்ணும் கையும் அதற்கு உண்டு, பரிணாமம் மூளைக்குள் எழுதிவைத்ததும் உண்டு என்று மறுமொழி சொல்லலாம்; அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் பிள்ளை தன் தரவைத் தானே தேடிப் போகிறது. கரண்டியை மறுபடி மறுபடி கீழே போட்டுப் பார்ப்பது, 'ஏன்' என்று கேட்டு அம்மாவைத் துளைப்பது, இவையெல்லாம் எதை அடுத்துக் கற்பது என்ற தேர்வுகள். கொடுத்த கோப்பைச் சுருக்கும் கணிதத்துக்குள் அந்தத் தேர்வுக்கு இன்னும் சரியான இடம் இல்லை.

எங்கள் பக்கத்துக்கு இது தொலைவில் உள்ள தத்துவக் கேள்வியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மட்டக்களப்புப் பேச்சுத் தமிழிலோ, வயலிலும் வாவியிலும் புழங்கும் சொற்களிலோ, கூத்துப் பாட்டிலோ 1.4 இலட்சம் கோடி சொற்கள் ஒருநாளும் எழுத்தில் சேரப்போவதில்லை. இவற்றைக் கற்க வேண்டிய இயந்திரம் சிறிதளவிலிருந்து கற்றே ஆகவேண்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் மாணவர்கள் ஆய்வுக்கு ஒரு தலைப்புக் கேட்டால் நான் இதையே சொல்வேன்: ஒரு சிற்றூரின் ஒலிப்பதிவுகளும் சில நூறு பக்க எழுத்தும் மட்டும் கையில் இருக்கும்போது, எந்த விதிகளை முன்கூட்டியே உள்ளே வைத்துக் கட்டினால் ஒரு சிறு மாதிரி அந்த மொழியை நன்றாக ஊகிக்கும்? மெய்ம்மயக்க விதியிலிருந்து தொடங்கலாம். 8 பிட்டை ஒரே அடியில் பாதிக்குக் கீழே இறக்கிய விதி அது.